ஆண்கள் பள்ளியையும் பெண்கள் பள்ளியையும் இணைக்கலாமா? பிளஸ் 1 வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

தமிழ்நாட்டின் பழைய தாலுகா ஊர்கள் பலவற்றில் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்று, அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்று என இரண்டு இருக்கும். பெரும்பாலும் ஆதியில் இருந்தது ஒரே பள்ளிதான். பிள்ளைகள் பெருகி இடம் போதாமல் போனபோது பெண்களுக்குத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். பிறப்பு குறைந்துவிட்டது, சுற்றுக் கிராமத்துப் பள்ளிகளே மேல்நிலையாகத் தரம் உயர்ந்துவிட்டன, மெட்ரிக் பள்ளி வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கிறது. இதில் முதலில் காலியாவது ஆண்கள் பள்ளி. மகனுக்குக் கடன் வாங்கியாவது மெட்ரிக், மகளுக்கு அரசுப் பள்ளி போதும் என்பது பல வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு.

ஆக, ஊரில் பேச்சு கிளம்புகிறது: "ரெண்டையும் ஒண்ணா சேத்துட்டா என்ன?" ஒரு தரப்பு ஆசிரியர் பற்றாக்குறையைச் சொல்லும். மறுதரப்பு "வயசுப் பிள்ளைகளை ஒண்ணா விடுறதா" என்னும். இரண்டு தரப்பும் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால் வாதம் வேறு இடத்துக்கு நகரும். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகளை இணைக்கலாம், இணைக்கத்தான் வேண்டும். 6 முதல் 10 வரை கை வைக்கக் கூடாது.

இணைப்பு என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. இரண்டு வளாகமும் அப்படியே இருக்க, தலைமை ஆசிரியர் மட்டும் ஒருவர் என்பது ஒன்று. மேல்நிலை வகுப்புகளை மட்டும் ஒரே வளாகத்துக்குக் கொண்டுபோவது இரண்டாவது. ஆறாம் வகுப்பு முதல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து மற்ற வளாகத்தைப் பூட்டுவது மூன்றாவது. கூட்டத்தில் ஒருவர் முதல் வகையை ஆதரித்துப் பேசுவார், இன்னொருவர் மூன்றாவதை எதிர்த்துப் பதில் சொல்வார், இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். தீர்மானம் எழுதும்போது எந்த வகை என்று எழுதாவிட்டால், பிறகு அதிகாரிக்கு வசதியான வகைதான் நடக்கும்.

முதல் வகைதான் வலிக்காதது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலம் 2003-ல் சட்டம் போட்டு, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 350 மாணவருக்குக் குறைவாக இருந்த பள்ளி மாவட்டங்களை (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்புகள்) நிர்வாக அளவில் இணைத்தது. நிர்வாகம் மட்டும்தான் என்று தொடங்கியதில் பின்னாளில் பல சிற்றூர் வளாகங்களும் மூடப்பட்டன. நம் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை அருகிலுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையின்கீழ் கொண்டுவரும் ஏற்பாட்டை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததும் இந்தப் பயத்தில்தான். ஒரே தலைமை, ஒரே எண்ணிக்கை என்று காகிதத்தில் ஆனபிறகு, பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் அடுத்த பணியாளர் நிர்ணயத்தில் இரண்டு வளாகத்தையும் ஒன்றாகவே கணக்கிடுவார்கள்.

6 முதல் 10 வரை: சேர்த்தால் என்ன குறையும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர், 9, 10 வகுப்புகளுக்கு 40 பேருக்கு ஒருவர் என்பது விகிதம். இதோடு ஒரு தரைமட்டம் உண்டு: எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஐந்துக்கும் ஐந்து பேர் வேண்டும். சிறிய பள்ளியைக் காப்பாற்றுவது இந்தத் தரைமட்டம்தான்.

மாதிரிக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் பள்ளியில் 6 முதல் 8 வரை 58 பேர், 9, 10-ல் 47 பேர். விகிதப்படி 2, 2 என 4 ஆசிரியர், தரைமட்டத்தால் 5. பெண்கள் பள்ளியில் 150 பேரும் 110 பேரும் என்றால் 5, 3 என 8 ஆசிரியர். மொத்தம் 13. இப்போது இரண்டையும் சேருங்கள். 208 பேருக்கு 6, 157 பேருக்கு 4, ஆக 10. மூன்று ஆசிரியர்கள் உபரி. அவர்களைப் பணி நிரவலில் வேறு ஊருக்கு அனுப்புவார்கள். ஆள் இல்லாத பணியிடமாக இருந்தால் அது பள்ளிக் கல்வி இயக்குநரின் பொதுத் தொகுப்புக்குச் சரண் செய்யப்படும், அதாவது இந்தப் பள்ளியின் கையைவிட்டுப் போகும். 28 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று இருந்தது 36, 37 பேருக்கு ஒருவர் என்று ஆகும். ஆறாம் வகுப்பில் இருபது பேரோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இந்த இணைப்பால் வருவது முப்பத்தைந்து பேர் உள்ள அறை, அவ்வளவுதான். அவனுக்கு முன்பு இல்லாத பாடம் எதுவும் புதிதாக வரப்போவதில்லை, ஏனென்றால் பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் அதே ஐந்து பாடம்.

(பெண்கள் பள்ளி மட்டும் 300-ஐத் தாண்டி, ஆண்கள் பள்ளி மொத்தமே 30 என்று இறங்கிவிட்ட ஊர்களும் உண்டு. அங்கே ஆறாம் வகுப்பில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அது வேறு கதை. அந்த நிலையில் முழு இணைப்பைத் தள்ளிப்போட முடியாது.)

பிளஸ் 1-ல் கணக்கே வேறு

மேல்நிலையில் பிரச்சினை தலையெண்ணிக்கை அல்ல, பாடப்பிரிவு. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணிதம், கணினி அறிவியல், வணிகவியல், பொருளியல் என ஒவ்வொன்றுக்கும் தனி முதுநிலை ஆசிரியர் வேண்டும். அதே மாதிரி ஊரில் ஆண்கள் பள்ளி பிளஸ் 1-ல் உயிரியல்-கணிதம் 14, கணினி 11, வணிகவியல் 22 பேர் என்று வையுங்கள். பெண்கள் பள்ளியில் 26, 19, 38. இரண்டு பள்ளியிலும் எட்டுப் பத்து முதுநிலைப் பணியிடம் தேவைப்படும். நடைமுறையில் ஒன்றில் வேதியியலுக்கு ஆள் இருக்காது, மற்றதில் தாவரவியலுக்கு இருக்காது. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் மாதம் 18,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஒருவரைத் தேடிப் பிடிப்பார்கள். அவர் வந்து சேர்வதற்குள் காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கும்.

இணைத்தால் பிரிவுகள் 40, 30, 60 என்று ஆகின்றன. வகுப்பு நடத்தத் தக்க அளவு இது. இப்போது பல பள்ளிகளில் இயற்பியல் பாடவேளைக்கு உயிரியல் பிரிவையும் கணினிப் பிரிவையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள். தமிழ்வழியும் ஆங்கிலவழியும்கூட அதே அறைதான். ஆசிரியர் ஒரு வரியைத் தமிழில் சொல்லி, அதையே ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு, 45 நிமிடத்தில் பாதிப் பாடம்தான் நடத்த முடிகிறது. இரண்டு பள்ளியின் ஆசிரியர்களும் ஒரே இடத்தில் இருந்தால் இதைப் பிரிக்கலாம். இணைப்பால் மாணவருக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான் என்பேன்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் இருக்கிறது. பாடத்துக்கு வாரம் ஏழு பாடவேளை என்று கொண்டால், இரு பிரிவும் ஒன்றாக உட்காரும் சிறிய பள்ளியில் இயற்பியல் ஆசிரியருக்குப் பிளஸ் 1, பிளஸ் 2 இரண்டுக்கும் சேர்த்து 14 பாடவேளை. இணைந்த பள்ளியில் இரண்டு பிரிவையும் தனித்தனியாக நடத்தினால் 28. அது ஒருவர் சுமக்கக்கூடிய அளவு. ஆகவே துறையின் பார்வையில் இரண்டாவது இயற்பியல் பணியிடம் உபரி. அந்த இரண்டாவது பணியிடம் முன்பே காலியாக இருந்திருந்தால் இன்னும் மோசம்: காலியிடம் நிரப்பப்படாமலே காகிதத்திலிருந்து மறைந்துவிடும். "இப்போது காலியிடமே இல்லை" என்று அறிக்கை போகும். இணைப்பைக் கேட்கும் ஊர், இரு பள்ளிகளின் அனுமதிக்கப்பட்ட முதுநிலைப் பணியிடங்களும் குறைந்தது மூன்று கல்வியாண்டுக்கு அப்படியே தொடர வேண்டும் என்று அரசாணையிலேயே எழுதிக் கேட்க வேண்டும். வாய்மொழி உறுதி ஆகஸ்ட் 1 வரை மட்டுமே செல்லும்.

மிச்சமாகும் பணியிடத்தைத் தக்கவைக்க இன்னொரு வழி, புதிய பாடப்பிரிவு கேட்பது. சுற்றுவட்டாரத்தில் இல்லாத ஒரு தொழிற்கல்விப் பிரிவு, அல்லது வணிகவியலோடு கணினிப் பயன்பாடு. 60 பேர் உள்ள வணிகவியல் பிரிவை இரண்டாகப் பிரிக்க இது நல்ல காரணமும் ஆகும். புதிய பிரிவுக்குக் கருத்துரு போகும்போது எத்தனை பேர் சேர்வார்கள் என்ற பட்டியல் இணைக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் ஜனவரியிலேயே விருப்பப் படிவம் வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆய்வகம் பற்றி ஒரு வார்த்தை. மேல்நிலையில் ஆய்வகப் பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 20 மதிப்பெண்ணுக்கு ஆய்வகத்தில் ஒவ்வொரு பிள்ளையும் பிப்பெட்டைக் கையில் பிடித்திருக்க வேண்டும். இரண்டு ஆய்வகச் சாமான்களையும் ஒரே அறையில் கொட்டினால் அது கிடங்காகிவிடும். இருப்புப் பதிவேட்டை வைத்து உடைந்தது, காலாவதியானது எல்லாவற்றையும் முதலில் கழித்துவிட வேண்டும். அமிலப் புட்டிகளைத் தட்டுமுட்டுச் சாமானோடு வேனில் ஏற்றக் கூடாது. செறிந்த கந்தக அமிலத்தையும் நைட்ரிக் அமிலத்தையும் தனித்தனிப் பெட்டியில், மணல் பரப்பி, நிமிர்த்தி வைத்து, ஆய்வக உதவியாளர் கூடவே போக வேண்டும்.

எந்த வளாகம், பெண்பிள்ளைகள் நிலை என்ன

மேல்நிலை வகுப்புகளை ஆண்கள் பள்ளி வளாகத்தில் வைப்பதே சரி. அங்கே அறைகள் காலியாக இருக்கும், மைதானம் பெரிதாக இருக்கும் என்பது ஒரு பக்கம். முக்கியக் காரணம் வேறு. பதினேழு வயதுப் பையன்களைப் பெண்கள் பள்ளிக்குள் கொண்டுவந்தால், ஆறாம் வகுப்பு மகளை வைத்திருக்கும் பெற்றோர்தான் முதலில் பயப்படுவார்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரிசை நிற்கும். எதிர்த்திசையில் போனால் 6 முதல் 10 வரையுள்ள பெண்கள் வளாகம் இருந்தபடியே இருக்கும். பெயரளவில் ஆண்கள் பள்ளியாக இருந்தும் பிளஸ் 1 அறிவியல் பிரிவில் பெண்களைச் சேர்த்துவந்த பள்ளிகள் ஏற்கெனவே உண்டு என்பதால் ஊருக்கு இது அந்நியமான காட்சியும் அல்ல.

ஆனால் இதில் பெரிய ஓட்டை பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் நடுவில் இருக்கிறது. இப்போது பெண்கள் பள்ளியில் பத்து முடித்தவள் அதே வாசலில் பிளஸ் 1-க்குப் போகிறாள். இணைப்புக்குப் பின் மாற்றுச் சான்றிதழ் வாங்கி, வேறு பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். "சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, போதும், மில்லுக்கு அனுப்பலாம்" அல்லது "மாப்பிள்ளை வந்திருக்கிறது" என்று வீடு யோசிக்க, சான்றிதழ் வாங்குவதற்கும் சேர்வதற்கும் இடையில் விழும் சில வாரம் போதும். ஆகவே சேர்க்கை மேசை பெண்கள் பள்ளியிலேயே போடப்பட வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவு வந்த நாளிலிருந்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் இருவர் அங்கே உட்கார்ந்து, பாடப்பிரிவு எழுதி வாங்கி, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பு) பதிவை அங்கேயே மாற்றிவிட வேண்டும். ஜூலையில் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, எங்கும் சேராதவர் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்ய ஆள் இல்லை என்றால் இணைப்பே வேண்டாம் என்பேன்.

பெற்றோர் மகளை அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளிக்கு மாற்ற நினைத்தால், அவர்களிடம் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும். உதவிபெறும் பள்ளியில் இரண்டு வருடம் படித்தாலும் அது போய்விடும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் விரிவானது. மெட்ரிக் பள்ளிக்குப் போனால் அதுவும் கிடையாது. இதைச் சேர்க்கை மேசையிலேயே அச்சடித்து ஒட்டுங்கள்.

கழிப்பறை விஷயத்தில் பேச்சே வேண்டாம், எண்ணிப் பாருங்கள். 40 பேருக்கு ஓர் அலகு என்பது தூய்மைப் பள்ளித் திட்டத்தின் அளவுகோல். மாதிரி ஊரில் பிளஸ் 1, பிளஸ் 2 சேர்த்துப் பெண்கள் சுமார் 166 பேர், ஆக ஐந்து அலகு. ஆண்கள் வளாகத்தில் பெண்களுக்கென்று இருப்பது பெரும்பாலும் ஆசிரியைகளுக்கான ஒன்று, இரண்டு. புதிய கழிப்பறைக் கட்டடத்தின் வாசல் மைதானத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. உள்ளே குழாய், மூடியுள்ள குப்பைக்கூடை, நாப்கின் எரிகலன், அதற்கு மின் இணைப்பு எல்லாம் மாணவிகள் வருவதற்கு முன்பே வேலை செய்ய வேண்டும். பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தில் "பணி முடிந்தது" என்று எழுதிய பிறகும் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் இணைப்பு வராமல் கிடக்கும் கழிப்பறைகள் ஏராளம். முடிந்ததற்குச் சாட்சி, வாளியில் விழும் தண்ணீர்.

பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, மாணவருக்கு இலவசப் பயண அட்டை. ஆகவே செலவு பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. பிளஸ் 2 சிறப்பு வகுப்பு ஐந்தரைக்கு விட்டு, கிராமத்து வண்டி ஐந்தேகாலுக்குப் போய்விட்டால் அடுத்தது ஏழரைக்கு. பணிமனை மேலாளரிடம் நேர மாற்றம் கேட்டு மனு கொடுப்பதைவிடச் சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றுவது எளிது.

எப்போது, எந்த வரிசையில்

நடுவாண்டில் கூடவே கூடாது. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் எமிஸிலிருந்து பள்ளியின் தேர்வுக் குறியீட்டு எண்ணோடு போகிறது. நவம்பரில் பள்ளி மாறினால் பெயர் ஒரு குறியீட்டில், அகமதிப்பீடு இன்னொன்றில், செய்முறைத் தேர்வு மூன்றாவது இடத்தில் என்று சிதறும். முதல் ஜூனில் புதிய பிளஸ் 1 மட்டும் இணைந்த வளாகத்தில் தொடங்கட்டும். அப்போதைய பிளஸ் 2 பழைய இடத்திலேயே பழைய குறியீட்டில் தேர்வெழுதி முடிக்கட்டும். அடுத்த ஜூனில் இணைப்பு தானாக நிறைவேறும். ஓராண்டுக்கு ஆசிரியர்கள் இரு வளாகமும் நடக்க வேண்டியிருக்கும். கால அட்டவணையில் முற்பகல் ஒரு வளாகம், பிற்பகல் மற்றது என்று பிரித்தால் தாங்கும். பாடவேளைக்குப் பாடவேளை ஓடவைத்தால் இரண்டு இடத்திலும் பத்து நிமிடம் தாமதம்.

இந்த மாற்றத்தால் பெண்கள் பள்ளி காகிதத்தில் உயர்நிலைப் பள்ளியாக இறங்கும். ஒரு மேல்நிலைத் தலைமை ஆசிரியர் பணியிடம் போகும், பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்களுக்கு அது நட்டம், சங்கங்கள் எதிர்க்கும். எதிர்ப்பு நியாயமானது, ஓய்வு பெறும் தேதியை ஒட்டி இணைப்பை வைத்தால் உரசல் குறையும். இதை ஒளிக்காமல் கூட்டத்தில் சொல்லிவிடுவது நல்லது. சத்துணவு மையம் பத்தாம் வகுப்பு வரை என்பதால் அமைப்பாளர், சமையலர் பணிக்கு இதில் ஆபத்தில்லை. மூன்றாம் வகை முழு இணைப்பில்தான் இரண்டு மையம் ஒன்றாகி அவர்கள் வயிற்றில் அடிக்கும்.

கேரளத்தில் 2022 ஜூலையில் குழந்தைகள் உரிமை ஆணையம், 2023-24 முதல் ஆண், பெண் தனிப்பள்ளி கூடாது என்று உத்தரவிட்டது. அரசு, பெற்றோர் ஆசிரியர் கழகமும் உள்ளாட்சியும் கேட்டால் மாற்றலாம் என்ற வழியில் நின்றது. நம்மிடமும் கேட்க வேண்டியது ஊர்தான். இரு பள்ளி மேலாண்மைக் குழுக்களும் தனித்தனியே தீர்மானம் போட வேண்டும். கூட்டுக் கூட்டத்தில் ஒரே தீர்மானம் போட்டால், பெண்கள் பள்ளித் தாய்மார்கள் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தீர்மானம் தலைமை ஆசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக இயக்குநருக்குப் போகும். பேரூராட்சி மன்றத் தீர்மானம் பலம் சேர்க்கும், ஆனால் கட்டுப்படுத்தாது.

தீர்மானத்தில் எந்த வகை இணைப்பு, எந்த வளாகம், எந்த ஜூன், பணியிடங்கள் எத்தனை ஆண்டு, கழிப்பறை முடியாமல் சேர்க்கை இல்லை என்பவற்றோடு நிலம் பற்றியும் ஒரு வரி வேண்டும். ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி இரண்டும் பெரும்பாலும் கடைவீதியிலோ பேருந்து நிலையத்தை ஒட்டியோ இருக்கும். அறை காலி என்று தெரிந்த அன்றே அதன்மேல் வேறு துறைகளின் கண் விழும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டு நகல் எடுத்துப் புல எண், பரப்பு, வகைப்பாடு பாருங்கள். தானமாக வந்த நிலமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திர நகல் வாங்கிப் படியுங்கள். "பெண்கள் கல்விக்கு மட்டும்" என்றோ, பள்ளி நடக்காவிட்டால் வாரிசுக்குத் திரும்பும் என்றோ நிபந்தனை இருக்கலாம். அப்படி இருந்தால், பெண்கள் வளாகத்தில் 6 முதல் 10 வரை தொடர்வதே அந்த நிலத்துக்கும் பாதுகாப்பு. காலியாகும் மேல்நிலை அறைகளை நூலகத்துக்கும் அடல் ஆய்வகத்துக்கும் (மாணவர்கள் கருவிகள் செய்து பழகும் மத்திய அரசுத் திட்ட ஆய்வகம்) என்று பெயர் குறித்து, அறை எண்ணோடு தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.